வைரஸ் லேபில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த நோயே தொற்றாதா? கவச உடை போட்டால் போதுமா?

தொற்றும். இறந்தும் போயிருக்கிறார்கள். அதற்காகக் கிடைத்த வேலையை விட்டுவிடாதீர்கள். (வீட்டில் வேண்டாம் என்கிறார்கள், அதானே?)

நான் விஞ்ஞானி இல்லை, தனியார் லேபில் டெக்னீஷியன். "ரத்தம் எடுக்கிறவன் வைராலஜி பேச வந்துட்டான்" என்று கமெண்டில் வருபவர்களுக்கு: எபோலாவை நான் பார்த்ததில்லைதான். ஆனால் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் எல்லாம் என் கை வழியாகத்தான் போகின்றன.

2004ல் ரஷ்யாவின் வெக்டர் ஆய்வகத்தில் எபோலா ஏற்றிய கினி பன்றிகளோடு வேலை பார்த்த ஒரு பெண் இறந்தார். உச்சப் பாதுகாப்பு லேப் அது. கையில் ஊசி குத்தியது, அவ்வளவுதான். 2003ல் சிங்கப்பூரில் ஒரு மாணவர் வெஸ்ட் நைல் வைரஸ் ஆராய்ச்சிக்குப் போய் சார்ஸை வாங்கிக்கொண்டு வந்தார். அவர் எடுத்த மாதிரியில் சார்ஸ் கலந்திருந்தது. நல்லவேளை, பிழைத்துவிட்டார்.

எனக்கும் ஊசிதான். யாரோ பஞ்சு ட்ரேயில் போட்டுவிட்டுப் போனது. ட்ரேயை ஒதுக்கும்போது சுருக்கென்றது. கிளவுஸுக்குள் சிவப்பாக ஒரு பொட்டு பரவியது. பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது, சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும். கழுவிக்கொண்டே யோசிக்கிறேன், யார் ரத்தம் என்றே தெரியாது. அரசு ஆஸ்பத்திரியில் எச்ஐவிக்கு மருந்து தரும் ஏஆர்டி மையத்துக்கு ஓடினேன். எச்ஐவி தடுப்பு மருந்தை 2 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது, 72 மணி தாண்டவே கூடாது. 28 நாள் மாத்திரை, ஒரே குமட்டல். வீட்டில் அல்சர் என்று சொல்லி வைத்தேன்.

எச்ஐவி உள்ளவர் ரத்தம் பட்ட ஊசியே குத்தினாலும், எச்ஐவி வர வாய்ப்பு சுமார் முன்னூறில் ஒன்றுதான். ஹெபடைட்டிஸ் பி உள்ளவர் ரத்தம் என்றால், தடுப்பூசி போடாதவருக்கு அந்த வாய்ப்பு 30 சதவீதம் வரை போகும். அந்தத் தடுப்பூசியை நான் முன்பே சொந்தக் காசில் போட்டிருந்தேன். கடைசியில் எல்லா ரிசல்ட்டும் நெகட்டிவ்.

இன்டர்வியூவில் சம்பளம் பேசும்போதே, ஊசி குத்தினால் யாரிடம் போக வேண்டும் என்று கேளுங்கள். முழித்தால் வேறு இடம் பாருங்கள். எங்கள் லேபில் ஊசி எரிக்கும் மெஷின் ரிப்பேராகிக் கிடந்தது, பட்ஜெட் இல்லையாம். கேஸ் அனுப்பும் டாக்டர்களுக்கு மட்டும் மாசம் பிறந்தால் கவர் போய்விடும். கமிஷன் வாங்காத டாக்டர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.