பாலித் தீவின் 'குப்பை'

கேள்வி: போன மாதம் குடும்பத்தோடு இந்தோனேசியாவில் உள்ள பாலித் தீவுக்குப் போய்வந்தோம். இந்துக்கள் வாழும் தீவு என்று ஆசையாகப் போனவர்களுக்கு ஏமாற்றம்தான். கடை வாசல், நடைபாதை, மாடிப்படி என்று எங்கு பார்த்தாலும் பூவும் சோறும் குப்பையாகக் கிடக்கின்றன. நாய் தின்கிறது, போகிறவர் வருகிறவர் மிதிக்கிறார்கள். கோயிலில் மூலவர் சிலை இல்லை, வெறும் கல் ஆசனம்தான் இருக்கிறது. பன்றிக்கறி வேறு சாப்பிடுகிறார்கள். இவர்களை எப்படி இந்துக்கள் என்று சொல்வது?
(ஒரு வாசகர், திருப்பூர்)

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். பாலியில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் தங்களை இந்து என்று சொல்கிறார்கள். அந்த நாட்டு அரசும் அப்படித்தான் பதிவு செய்கிறது. அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல நாம் யார்? பன்றிக்கறிக்கு முகம் சுளிக்கிறீர்கள். சுடலைமாடன் கொடையில் பன்றி வெட்டிப் படைக்கிற ஊர்கள் நம் தென்மாவட்டங்களிலேயே உண்டு. அந்தக் கல் ஆசனத்துக்குப் பெயர் பத்மாசனம். உருவமில்லாத பரம்பொருளுக்கு இட்ட இருக்கை, அதனால் காலியாக இருக்கிறது. சிதம்பரத்தில் திரையை விலக்கி, வில்வமாலை தொங்கும் வெட்டவெளியைக் காட்டும்போது கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம் அல்லவா? அதே எண்ணம்தான் இதுவும்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது 'குப்பை' என்ற ஒரு சொல். படித்து இரண்டு நாளாகியும் அது மனசை விட்டுப் போகவில்லை.

தமிழில் குப்பை என்றால் முதலில் குவியல். களத்தில் குவித்த நெல்லும் குப்பைதான். சிவகங்கை மாவட்டத்தில் நெற்குப்பை என்றே ஓர் ஊர் இருக்கிறது. விவசாயி 'வயலுக்குக் குப்பை அடித்தேன்' என்றால் எருவைச் சொல்கிறார். அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில், பிறகு பிறந்த குழந்தையைக் குப்பையில் போட்டு எடுத்து, குப்புசாமி, குப்பம்மாள் என்று பெயர் வைத்தார்கள். குப்பையில் கிடக்கிற பிள்ளையை எமன் சீந்தமாட்டான் என்று அந்தத் தாய் நம்பினாள். அந்தப் பெயர்களில் எத்தனை அழுகை இருக்கிறது! என் பெரியப்பாவுக்கும் அந்தப் பெயர்தான், அதனால் இந்தச் சொல்லை யாராவது லேசாகச் சொன்னால் எனக்குப் பொறுக்காது.

பாலியில் குழந்தை விஷயத்தில் வழக்கம் நேர்மாறு. பிறந்த குழந்தையின் கால் மண்ணில் படவே விடமாட்டார்கள். ஊர் வழக்கப்படி 105 நாளோ 210 நாளோ கழித்து, சடங்கு செய்துதான் முதன்முதலாகத் தரையில் இறக்குவார்கள். அவ்வளவு மரியாதை மண்ணுக்கு. அப்படிப்பட்டவர்கள் தரையில் ஒன்றை வைக்கிறார்கள் என்றால், அது கீழே எறிந்த பொருளாக இருக்க முடியாது.

நானும் அங்கே போயிருக்கிறேன். உபுது என்ற ஊரில் ஒரு வீட்டோடு சேர்ந்த சின்ன விடுதியில் தங்கினேன். காலையில் அந்த வீட்டு அம்மா சோறு வடித்ததும், யாரும் வாயில் வைப்பதற்கு முன்னால், வாழையிலைத் துண்டுகளில் ஒரு சிட்டிகை சோறும் உப்பும் வைத்தார். அடுப்பு மேல் ஒன்று, கிணற்றடியில் ஒன்று, வாசலில் ஒன்று. நம் வீட்டில் காக்கைக்கு வைத்துவிட்டுத்தானே சாப்பிடுவோம்? எனக்கு என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

அப்புறம் 'சானாங்' வந்தது. உள்ளங்கை அளவுக்குக் குருத்தோலையில் செய்த சதுரத் தட்டு. அடியில் துளி வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. சாட்சாத் நம் தாம்பூலம்! அதன் மேல் கிழக்கே வெள்ளைப் பூ, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலம். திசை மாறாமல் வைக்கிறார்கள். அந்த அம்மா படியில் குந்தி உட்கார்ந்து தட்டை வைத்து, ஊதுபத்தியைச் சொருகி, பூவால் தண்ணீரைத் தொட்டுத் தெளித்து, புகையை மூன்று முறை கையால் மெல்லத் தள்ளிவிட்டார். அவர் எழுந்ததும், அதுவரை காத்திருந்த கோழி வந்து தட்டில் இருந்த சோற்றைக் கொத்தியது. அவர் அதை விரட்டவே இல்லை.

விடுதிப் பையன் விளக்கினான்: "ஊதுபத்தி எரிகிறவரை மிதிக்கக் கூடாது. அணைந்துவிட்டால் சாமி சாரத்தை எடுத்துக்கொண்டாயிற்று. மிச்சம் கோழிக்கும் நாய்க்கும்." உயரத்தில் வைப்பது தெய்வங்களுக்கு, தரையில் வைப்பது பூதங்களுக்கு. அவர்களும் அதைப் 'பூத' என்றே சொல்கிறார்கள்.

இப்போது மார்கழி மாதத்து நம் தெருவை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து பனியில் குனிந்து கோலம் போட்டு, நடுவில் சாணி உருண்டை வைத்து, அதில் பூசணிப்பூவைச் சொருகுகிறாள் ஒரு பெண். பால்காரர் சைக்கிள் அதன் மேலேதான் போகும். அரிசி மாவை எறும்பு இழுத்துப் போகும். சாயங்காலத்துக்குள் ஒன்றும் மிஞ்சாது. அதைப் போய்க் குப்பை என்பீர்களா? அழியும் என்று தெரிந்தே போடுகிறாள், மறுநாள் திரும்பப் போடுகிறாள்.

இதனால்தான் ஸ்டிக்கர் கோலத்தை எதிர்த்து இதே பக்கத்தில் முன்பு எழுதினேன். வேலைக்குப் போகிற பெண்ணின் கஷ்டம் உமக்குத் தெரியுமா என்று கண்டித்துக் கடிதங்கள் வந்தன. அந்தக் கஷ்டம் நிஜம். பாலியிலும் இந்த வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில்தான். அலுவலகம் போகிறவர்கள் சானாங்கைச் சந்தையில் அடுக்கடுக்காக வாங்கிவிடுகிறார்கள். ஆனால் என் பதில் அன்றும் இன்றும் ஒன்றுதான். அவளுக்கு நேரமில்லை என்றால் வீட்டில் இருக்கிற ஆண் குனிந்து போடட்டும். நான் போடுகிறேன். முதல் ஒரு மாதம் புள்ளி கோணலாக வரும், அவ்வளவுதான்.

நிஜமான குப்பை எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். சானாங் தட்டைச் சேர்க்க முன்பெல்லாம் மூங்கில் ஈர்க்கைக் குத்துவார்கள். இப்போது ஸ்டேப்ளர் பின் அடிக்கிறார்கள். பூவோடு பிளாஸ்டிக் தாள் சுற்றிய மிட்டாயும் வைக்கிறார்கள். கோழி தின்னாதது, மண் ஏற்காதது எல்லாம் ஆற்றுக்கும் கடலுக்கும் போய்ச் சேருகிறது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு எதிராக 2018 கடைசியில் அந்தத் தீவின் ஆளுநர் விதி கொண்டுவந்தார். தமிழ்நாட்டிலும் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஆனால் நம் கல்யாண மண்டப வாசல்களைப் பாருங்கள். பிளாஸ்டிக் மாவிலை, பிளாஸ்டிக் சாமந்தி. குருத்தோலையில் கிளியும் குருவியும் பின்னித் தோரணம் கட்டுகிறவர்கள் எங்கள் ஊரில் ஒரு தெரு முழுக்க இருந்தார்கள். இன்று ஒரே ஒரு பெரியவர்தான் இருக்கிறார். கைநடுக்கத்தோடு அவர் பின்னுகிற கிளிக்கு இன்னமும் உயிர் இருக்கிறது. ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு அவரை அழைத்துவரச் சொன்னேன். 'பழைய பாணி' என்று மறுத்துவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

குப்பை பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. பாலியின் வடகரையில் செம்பிரான் என்ற ஊரில் தோண்டியபோது உடைந்த பானை ஓடுகள் கிடைத்தன. உள்பக்கம் வட்ட வட்டமாகப் பொடிவரி ஓடும் சாம்பல்நிறத் தட்டுகள். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் கிடைத்தவையும் இதே வகைதான். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் கப்பல் வழியாகத் தொடர்பு இருந்திருக்கிறது. யாரோ உடைந்தது என்று வீசி எறிந்த ஓடுதான் இதை நமக்குச் சொன்னது.

இன்னொரு தடவை போங்கள் ஐயா. சக ஆண்டுக் கணக்குப்படி அவர்களுடைய வருடப் பிறப்பான 'ஞெப்பி' அன்று மட்டும் விமானம் ஏறிவிடாதீர்கள். அன்றைக்குத் தீவு முழுக்க அடுப்பு எரியாது, வண்டி ஓடாது, விமான நிலையமே 24 மணி நேரம் மூடிக்கிடக்கும். மற்ற நாட்களில் எந்த வீட்டு வாசலிலாவது உட்கார்ந்து, சானாங் தட்டு ஒன்றைப் பின்னக் கற்றுக்கொண்டு வாருங்கள். இங்கே குருத்தோலைக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். அந்தப் பெரியவரையும் வரச் சொல்கிறேன்.