கூரையைப் பிரிக்கும் முன் கையில் எவ்வளவு இருக்கவேண்டும்?

கேள்வி: கொட்டாஞ்சேனைப் பக்கம் உள்ள எங்கள் ஆலயத்தின் கூரை மிகவும் பழசு. கூடம் 30 அடி அகலம், 70 அடி நீளம். மண்டபத்துக்கு மேலே அஸ்பெஸ்டஸ், வாசல் பக்கம் மட்டும் கலிகட் ஓடு. மழை வந்தால் ஏழு இடத்தில் வாளி வைக்கிறோம். ஒரு கொந்தராத்துக்காரர், சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே வரியில் கொட்டேஷன் தந்திருக்கிறார். 60 சதவீதம் முற்பணம் கேட்கிறார். விலை 7 நாளைக்குத்தான் செல்லுமாம். எங்களிடம் பாதிப் பணம் இருக்கிறது. தொடங்கினால் மிச்சம் தானாக வரும் என்கிறார்கள் சபையார் சிலர். என்ன செய்யலாம்? (ஆலயப் பொருளாளர்)

பதில்: இப்போது தொடங்காதீர்கள். சபையார் தருவார்கள் என்ற நம்பிக்கையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கூரையைப் பிரித்தால் மூடியே ஆகவேண்டும். மரவேலை, தகடு, முகடு, பீலி, கூலி என்று மூடும் நாள் வரைக்கான காசு முழுவதும் வங்கியில் இருந்த பிறகே பிரியுங்கள். சீலிங், பெயின்ட், மின்விசிறி எல்லாம் அடுத்த வருடம் செய்யலாம். திறந்து கிடக்கும் கூடத்தைக் கொழும்பு மழை ஒரு பின்னேரத்தில் நாசமாக்கிவிடும்.

காலமும் முக்கியம். தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் தொடங்கும். அதற்கு முன்பே சித்திரையில் பின்னேர இடிமழை வந்துவிடும். ஒக்டோபர், நவம்பர் இன்னும் மோசம். நத்தார் ஆராதனைகள் முடிந்த கையோடு ஜனவரியில் பிரித்து, மார்ச் நடுப்பகுதிக்குள் மூடிவிடுங்கள். அதுவரை பணம் சேர்க்க உங்களுக்கும் அவகாசம் கிடைக்கும்.

சதுர அடிக்கு இவ்வளவு என்றால் எந்தச் சதுர அடி என்று முதலில் கேளுங்கள். உங்கள் தரை 2,100 சதுர அடி. சுற்றிவர இரண்டடி தாழ்வாரம் விட்டால் 34க்கு 74, அதாவது 2,516. சாய்வு 30 பாகை என்றால் கூரையின் உண்மையான பரப்பு ஏறக்குறைய 2,900. தகடு ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடத்தையும் சேர்த்தால் வாங்கவேண்டிய அளவு இன்னும் கூடும். ஒருவர் தரையையும் இன்னொருவர் தகட்டையும் அளந்து விலை சொன்னால், மலிவாகத் தெரிவது மலிவாக இருக்காது. ஒரு பொறியியலாளரையோ அளவைக் கணிப்பாளரையோ கொண்டு வேலையையும் பொருளையும் அளவோடு வரிவரியாகக் காட்டும் பட்டியலை (பீ.ஓ.கியூ.) தயாரித்து, மூன்று பேரிடம் அதே தாளில் விலை வாங்குங்கள். தகட்டின் தடிப்பு மில்லிமீற்றரில் எழுதப்படவேண்டும். நல்ல தகடு என்று எழுதினால் போதாது. பெறுமதி சேர் வரியான வற் 18 சதவீதம் விலைக்குள்ளா வெளியிலா என்பதும் அதில் இருக்கட்டும். வற் கேட்பவரிடம் பதிவு இலக்கத்தை வாங்குங்கள். கொந்தராத்துக்காரர் நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்தவரா, எந்தத் தரத்தில் என்றும் பாருங்கள்.

முழுவதும் ஓடு போடலாம் என்று மூத்தவர்கள் சொல்லக்கூடும். ஓட்டின் பாரம் சதுர மீற்றருக்கு 40 கிலோவுக்கு மேல். அஸ்பெஸ்டஸ் 15 கிலோ அளவில் வரும், அலுமினியம் சிங்க் தகடு 5 கிலோகூட வராது. அஸ்பெஸ்டஸுக்கென்று போட்ட மரம் ஓட்டைத் தாங்குமா என்று பொறியியலாளர்தான் சொல்லவேண்டும். தகடு என்று முடிவெடுத்தால் அடியில் வெப்பத்தையும் மழைச் சத்தத்தையும் குறைக்கும் விரிப்பையும் சேர்த்தே விலை கேளுங்கள். இல்லாவிட்டால் மழை நேரத்தில் பிரசங்கம் ஒருவர் காதிலும் விழாது. நீங்கள் கடலுக்குக் கிட்ட இருக்கிறீர்கள். உத்தரவாதப் பத்திரத்தில் கடற்கரையிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் அது செல்லாது என்ற வரியைத் தேடிப் படியுங்கள். ஆணியும் உப்புக்காற்றைத் தாங்கும் இனமாக இருக்கவேண்டும். தகடு இருக்க, ஆணித் தலையிலிருந்துதான் துரு தொடங்கும்.

பிரித்த பிறகு வரும் செலவு மரத்தில் ஒளிந்திருக்கும். எங்கள் வெள்ளவத்தை வீட்டில் கைமரம் சுவருக்குள் போகும் நுனியைச் சாவியால் குத்தினேன். சாவி அரை அங்குலம் மாவுக்குள் போவதுபோல் இறங்கியது. மேலிருந்து பார்த்தால் தேக்குப் பளபளப்பு. மரம் மாற்ற நேர்ந்தால் அடிக்கு என்ன விலை என்று அப்போது பேசிவைக்கவில்லை. கூரை இல்லாத வீட்டில் நின்றுகொண்டு கொந்தராத்துக்காரர் கேட்டதைக் கொடுத்தேன். பழைய ஓடுகளையும் கழிவென்று லொறியில் ஏற்றிவிட்டார். பழைய கலிகட் ஓட்டுக்கும் முதிரை மரத்துக்கும் கொழும்பில் நல்ல விலை உண்டென்று பிறகுதான் அறிந்தேன். மரம் அடிக்கு என்ன விலை என்பதையும், கழற்றும் ஓடும் மரமும் ஆலயத்துக்கே சொந்தம் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

60 சதவீதம் கொடுக்கவே வேண்டாம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. அந்தச் சூடு பட்டவர்கள் 7 நாள் விலை சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதற்கு வழி, தகட்டை ஆலயத்தின் பேரில் நீங்களே வாங்கி, காசோலையை நேரே கடைக்கு எழுதுவது. வேலைக்கு முற்பணம் 20 சதவீதத்துக்கு மேல் போகவேண்டாம். மரவேலை முடிந்ததும் ஒரு பங்கு, தகடு ஏறியதும் ஒரு பங்கு, முகடும் பீலியும் முடிந்ததும் ஒரு பங்கு. கடைசி 10 சதவீதத்தை ஒக்டோபர், நவம்பர் மழை முடியும்வரை பிடித்துவையுங்கள். 10க்கு அவர் சம்மதிக்காவிட்டால் 5க்கு இறங்கலாம், காலத்தைக் குறைக்கவேண்டாம். மேலே ஏறும் தொழிலாளர்களுக்குக் காப்புறுதி இருக்கும் பத்திரத்தைப் பார்க்காமல் ஏணி வைக்க விடாதீர்கள்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் தகடு முழுவதையும் தானே வாங்கித் தருகிறேன் என்கிறார். ஏற்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் தடிப்பும் நீளமும் நிறமும் நீங்கள் கொடுத்த அளவில் இருக்கவேண்டும், பற்றுச்சீட்டு ஆலயத்தின் பேரில் வரவேண்டும். அப்போதுதான் உத்தரவாதம் உங்களுடையது. பொருளில் குறை இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைக்கவும் அந்தச் சீட்டு வேண்டும். வந்த தகட்டை மழையில் அடுக்கி வைக்காதீர்கள், இடையில் தண்ணீர் நின்றால் போடும் முன்பே கறை பிடித்துவிடும்.

கேள்வி: செலவைக் குறைக்க, பழைய அஸ்பெஸ்டஸைச் சிரமதானமாக வாலிபர் சங்கத்தினர் கழற்றலாமா?

பதில்: வேண்டாம். அஸ்பெஸ்டஸில் அதிக ஆபத்தான நீல இனம் இலங்கையில் 1987இல் தடைசெய்யப்பட்டது. உங்கள் கூரை அதற்கு முந்தியதாகவும் இருக்கலாம். வெள்ளை அஸ்பெஸ்டஸ் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது, நோய் தெரியவரப் பல வருடம் எடுக்கும். இதைப் பழகிய வேலையாட்கள் உரிய முகக்கவசத்தோடு, தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, உடைக்காமல், ஒவ்வொரு தகடாகக் கீழிறக்கவேண்டும். மேலிருந்து வீசக்கூடாது, உலர்ந்த தும்புத்தடியால் கூட்டக்கூடாது, உடைந்த துண்டைக் குழி நிரப்பப் போடக்கூடாது. பிள்ளைகளின் நெஞ்சை வைத்து மிச்சம் பிடிக்கவேண்டிய காசு அல்ல அது. அவர்களுக்கு இப்போதே வேறு வேலை இருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் ஒழுக்கு விழும் இடத்தைத் தரையில் சோக்கால் குறித்து, படமெடுத்து, திகதி போட்டு வைக்கட்டும். பொறியியலாளர் வந்ததும் முதலில் கேட்பது அதைத்தான்.