மனதுக்குள் ஓர் அரைப் பேர்க் கணக்கு

கேள்வி: இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். வயது 20. போன முறை உயர்தரப் பரீட்சையில் ஒரு ‘சி’, இரண்டு ‘எஸ்’. பெயிலான மாதிரித்தான். இரண்டாம் தடவை எழுதப் படிக்கிறேன். விடியக்காலை 4 மணிக்கு எழும்ப அட்டவணை போட்டிருக்கிறேன். ஒரு நாள் தூங்கிவிட்டால் ‘எல்லாம் போச்சு’ என்று அந்தக் கிழமை முழுக்கப் புத்தகத்தைத் தொடுவதில்லை. அம்மா கொழுந்தெடுத்துத்தான் என்னைப் படிக்க வைக்கிறார். நான் எதற்கும் லாயக்கில்லாதவளா?

பதில்: தங்கச்சி, அரைப் பேர் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாளுக்குக் கேட்ட கிலோ கொழுந்து வராவிட்டால், நாள் முழுக்க மழையில் மலையில் நின்றவருக்கும் பாதிச் சம்பளம். 18 கேட்ட இடத்தில் 17 எடுத்தாலும் அதே கதைதான். அந்த 17 கிலோ கொழுந்தும் ஃபெக்டரிக்குப் போய்த் தேயிலையாகிறது. வரவையும் சம்பளத்தையும் குறிக்கும் செக்ரோலில் மட்டும் காணாமல் போகிறது. அந்த அநியாயத்தைப் பார்த்து வளர்ந்த நீங்கள் அதைவிடக் கடுமையாக உங்களுக்கே கணக்குப் போடுகிறீர்கள். ஒரு காலை தவறினால் முழுக் கிழமைக்கும் பேர் இல்லை!

‘எல்லாம் அல்லது ஒன்றுமே இல்லை’ என்று நினைக்கும் பழக்கம் இது. 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக், மனச்சோர்வோடு வந்தவர்களிடம் இப்படிப்பட்ட எண்ணங்கள் தாமாகவே வந்து விழுவதையும், அவர்கள் அவற்றை அப்படியே நம்பிவிடுவதையும் கவனித்தார். அந்த எண்ணத்தைப் பிடித்து நிறுத்தி ‘இது உண்மைதானா?’ என்று விசாரிப்பதுதான் அவர் உருவாக்கிய சிகிச்சையில் பெரிய வேலை.

நாமும் விசாரிப்போம். ‘எஸ்’ என்றால் 35 முதல் 54 புள்ளி. அது சித்தி. ‘சி’ 55க்கு மேல். பெயில் என்பது 35க்குக் கீழே வரும் ‘எஃப்’. உங்களிடம் அது ஒன்றுகூட இல்லையே! நினைத்த இடத்துக்குப் புள்ளி போதவில்லை, அது உண்மை. அதற்காகத்தானே திரும்ப எழுதுகிறீர்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கழிப்பார்களே, அதே கழிவு உங்கள் கடிதத்திலும் இருக்கிறது. ‘சி’ எந்தப் பாடத்தில் என்றுகூட நீங்கள் எழுதவில்லை. தூங்கிப்போனது ஒரு காலை. ‘லாயக்கில்லாதவள்’ என்ற பட்டமோ முழு ஆளுக்கும்.

சரி, ஒரு கொப்பி எடுங்கள். ‘படித்தேன், படிக்கவில்லை’ என்று சரியும் பிழையும் போட வேண்டாம். ராத்திரி படுக்கும் முன் அந்த நாளுக்கு 0 முதல் 100 வரை ஓர் எண் கொடுங்கள். 4 மணிக்கு எழும்பவில்லை, ஆனால் பின்னேரம் அடுப்படியில் இருந்தபடி பழைய வினாத்தாளில் பாதி செய்தீர்களா? அது 40. நாற்பதைப் பூச்சியமாக எழுதக் கூடாது, அவ்வளவுதான். ‘எல்லாம் போச்சு’ என்று தோன்றினால் அதையும் அப்படியே எழுதி, போனது எத்தனை மணித்தியாலம் என்று பக்கத்தில் போடுங்கள். பெரும்பாலும் இரண்டுதான் வரும். முதல் சில நாள் நம்மை நாமே ஏமாற்றுகிற மாதிரி இருக்கும். இருந்தாலும் விடாதீர்கள்.

இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை, பசி இல்லாமல், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்துப் பேசுங்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் ஒரு நாள்கூடப் பொறுக்க வேண்டாம், உடனே அழையுங்கள்.

அப்புறம், அந்த ‘சி’ எந்தப் பாடம்? அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுதுங்கள்.