ஹால் மூலையில் ஃபயர்பிளேஸ் இருந்தால் டீவியையும் சோபாவையும் எப்படிப் போடுவது?

கனடாவில் டவுன்ஹவுஸ் வாங்கியிருக்கிறீர்கள். ஹால் மூலையில் கேஸ் ஃபயர்பிளேஸ் குறுக்காக இருக்கிறது. டீவியை அதற்கு மேலே மாட்டலாமா, சோபாவை எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

டொரண்டோவை ஒட்டிய மிசிசாகாவில் எங்கள் வீடும் இதே அமைப்புதான். மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து மூன்றாவது குளிர்காலத்தில்தான் சரியாக அமைந்தது. டீவியை ஃபயர்பிளேஸுக்கு மேலேயும் மாட்டாதீர்கள், எதிர்ச்சுவரிலும் வைக்காதீர்கள். அதை ஒட்டிய சுவரில், ஒரு அடி தள்ளி வையுங்கள்.

முதல் வருஷம் நாங்கள் மேலேதான் மாட்டினோம். ஃபயர்பிளேஸுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மேன்டல் பலகை எங்கள் வீட்டில் தரையிலிருந்து நாலரை அடி. அதற்கு மேல் 55 அங்குல டீவி வந்தால் திரையின் நடுப்பகுதி ஆறடி உயரத்துக்குப் போய்விடுகிறது. சோபாவில் உட்கார்ந்தால் நம் கண் மூன்றேகால், மூன்றரை அடியில் இருக்கும். ஒரு படம் முடிவதற்குள் மனைவிக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும். அதைவிட எனக்குக் கவலை தந்தது சூடு. பல டீவிகளின் கையேட்டில் 40 டிகிரி செல்சியஸ் வரைதான் இயக்கலாம் என்று போட்டிருப்பார்கள். ஒரு தெர்மாமீட்டரை மேன்டலுக்கு மேலே சுவரில் ஒட்டி, ஒரு மணி நேரம் தீயை எரியவிட்டேன். 46 காட்டியது. அன்றைக்கே டீவியை இறக்கிவிட்டேன். உங்கள் வீட்டிலும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள், செலவே இல்லை.

அடுத்த வருஷம் எதிர்ச்சுவர். தீயின் ஆட்டம் திரையில் அப்படியே தெரிந்தது. அதோடு டீவி பார்த்தால் தீக்கு முதுகு, தீயைப் பார்த்தால் டீவிக்கு முதுகு. குளிருக்கு இதமாகக் கணப்பு பக்கத்தில் உட்கார வருபவர் ஒரு பக்கமும், கிரிக்கெட் பார்ப்பவர் இன்னொரு பக்கமும் பிரிந்து போனார்கள்.

இப்போதைய அமைப்பு இதுதான். ஹால் 16க்கு 13 அடி. உள்ளே வந்தால் நேர்ச்சுவரின் இடது மூலையில் ஃபயர்பிளேஸ். அது இரண்டு சுவரிலும் நாலு நாலு அடி எடுத்துக்கொள்கிறது. அதே நேர்ச்சுவரில் அதற்கு வலப்பக்கம் டீவி. சோபா டீவியைப் பார்த்து, உட்காருபவரின் கண்ணிலிருந்து திரைக்கு ஏழரை அடி இருக்கும்படி. 55 அங்குலத்துக்கு அது நல்ல தூரம். இதற்காகச் சோபாவைப் பின்சுவரிலிருந்து தாராளமாக முன்னே இழுக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் சுவரோடு ஒட்டிப் போட்டு நடுவே காலியாக விடும் பழக்கம் நமக்கு, அதனால் முதலில் மனசு ஒப்பவில்லை. ஆனால் சோபாவுக்குப் பின்னால் கிடைத்த இடம் சமையலறைக்குப் போகும் வழியாகிவிட்டது. டீவிக்குக் குறுக்கே இப்போது யாரும் நடப்பதில்லை.

வலது பக்கம் இரண்டு ஒற்றை நாற்காலிகள். அதில் ஒன்றாவது சுழலும் நாற்காலியாக இருக்கட்டும். மூலை ஃபயர்பிளேஸ் அறையைக் குறுக்காகப் பார்ப்பதால், அந்த இடத்துக்கு அது நேர் எதிரே வருகிறது. கொஞ்சம் திரும்பினால் டீவி. ஆனால் அங்கிருந்து திரை பக்கவாட்டில் தெரியும். டீவி புதிதாக வாங்குவதாக இருந்தால் விஏ (VA) வகைத் திரை வேண்டாம், சாய்ந்து பார்த்தால் நிறம் வெளுத்துப்போகும். ஐபிஎஸ் (IPS) அல்லது ஓலெட் (OLED) வகை பாருங்கள்.

தீக்கு முன்னால் குறைந்தது மூன்று அடி காலியாக விடுங்கள். உங்கள் மாடலின் கையேட்டில் அதற்கு மேல் சொல்லியிருந்தால் அதன்படி. திரைச்சீலைக்கும் அதே கணக்கு. கண்ணாடியின் சூடு 200 டிகிரியைத் தாண்டக்கூடும், அணைத்த பிறகும் வெகுநேரம் ஆறாது. என் மகள் நடக்கப் பழகிய நாட்களில் தீ அணைந்து பத்து நிமிஷம் கழித்து, உள்ளங்கையை விரித்துக்கொண்டு அதை நோக்கிப் போனாள். கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்தேன். இன்றும் நினைத்தால் பதறுகிறது. 2015-க்குப் பிறகு வந்த மாடல்களில் கண்ணாடிக்கு முன்னால் கம்பிவலைத் தடுப்பு சேர்ந்தே வரும். உங்களுடையது பழைய வீடு என்றால் சோபா வாங்குவதற்கு முன்பே அந்த வலையை வாங்கிவிடுங்கள்.

ஜன்னல் ஓரம் தரையில் ஹீட்டர் காற்று வரும் துவாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். நாங்கள் ஒருமுறை அதன் மேலேயே சோபாவைப் போட்டுவிட்டு, அறை ஏன் சூடாகவில்லை என்று ஒரு வாரம் தேடினோம்.

ஃபயர்பிளேஸின் அடியில் கேஸ் வால்வும் பைலட்டும் (பெரிய தீயைப் பற்றவைக்கும் சின்னச் சுடர்) இருக்கும் சின்னக் கதவை எதைக்கொண்டும் மறைக்காதீர்கள். 2013 டிசம்பரில் உறைமழை பெய்து டொரண்டோவில் மட்டும் ஏறக்குறைய 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. எங்கள் தெருவிலும் இரண்டு நாள் கரன்ட் இல்லை, ஹீட்டரும் ஓடவில்லை. எங்களுடையது பைலட் எப்போதும் எரியும் பழைய வகை. அந்தச் சின்னத் தீயின் சூட்டிலிருந்தே வால்வுக்கு வேண்டிய துளி மின்சாரத்தை அது எடுத்துக்கொள்ளும். அதனால் கரன்ட் இல்லாமலும் ஃபயர்பிளேஸ் எரிந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த அம்மா, நான்கு பேர், ஒரு ஜமக்காளம் என்று எல்லோரும் அந்த மூன்றடிக்கு அப்பால் படுத்துத் தூங்கினோம். அம்மா சோபாவின் அடிப்பாகத்தில் முதுகைச் சாய்த்து, காலைத் தீப்பக்கம் நீட்டி உட்கார்ந்திருந்தார். அந்த இடத்தை அதற்குப் பிறகு நாங்கள் எதைப் போட்டும் அடைக்கவில்லை. டீபாய்கூட லேசானதுதான், ஒரு கையால் நகர்த்திவிடலாம். பொங்கலுக்கு விருந்தினர் வந்தால் அதை ஓரம் தள்ளிப் பாய் விரிக்கிறோம்.

அப்புறம், எதையும் வாங்குவதற்கு முன் பெயின்டர்கள் பயன்படுத்தும் நீல டேப்பால் சோபா, நாற்காலி, டீபாய் எல்லாவற்றின் அளவையும் தரையில் ஒட்டுங்கள். நடைவழி இரண்டரை, மூன்று அடி. சோபாவுக்கும் டீபாய்க்கும் இடையே ஒன்றரை அடி. இரண்டு நாள் அந்தக் கோடுகளுக்கு நடுவே துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். நாங்கள் பார்த்து வைத்திருந்த டீபாய் அரையடி பெரிது என்று அப்படித்தான் தெரிந்தது.