டயாலிசிஸ் இல்லாத நாளில் பத்து நிமிடம்

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. எட்டு மாதமாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ். மற்ற நாட்களில் சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடக்கிறார். நடக்கச் சொன்னால் "இருக்கிற தெம்பும் போயிடும்" என்கிறார். வற்புறுத்தலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: படுத்தே கிடப்பதுதான் தெம்பைக் கரைக்கும். தசை வற்றினால் மாடிப்படி மலைப்பாகும். வெளியே போவது நிற்கும். மனம் இன்னும் சுருங்கும். ஆனால் வற்புறுத்தும் முன் ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். குறைவாக இருந்தால் இரும்புச்சத்து, எரித்ரோபாய்டின் (சிவப்பணு ஊறத் தூண்டும்) ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ரத்தசோகைக்காரரைச் சோம்பேறி என்பது பல வீடுகளில் நடக்கும் அநியாயம்.

மருத்துவர் சரி என்றதும், டயாலிசிஸ் இல்லாத நாளின் காலையில் சமதரையில் 10 நிமிடம் நடக்கட்டும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது: அதுதான் வேகம். வாரத்துக்கு 2 நிமிடம் கூட்டி 30 வரை போகலாம். இதோடு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 8 முறை. டயாலிசிஸ் மையத்தில் படுத்தபடியே மிதிக்கும் பெடல் இருந்தால், டயாலிசிஸ் ஓடும்போது முதல் இரண்டு மணி நேரத்துக்குள் மிதிக்கலாம். பிறகு நீர் இறங்க இறங்க ரத்த அழுத்தம் சரியும்.

மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 180ஐத் தாண்டினாலோ, ஒரு டயாலிசிஸ் தவறியிருந்தாலோ அன்று வேண்டாம். நடந்த களைப்புக்கு இளநீர் கொடுத்துவிடாதீர்கள், அதில் பொட்டாசியம் அதிகம். தாகத்துக்கு வாய் கொப்பளித்தால் போதும். கால்வலிக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரையைத் தானாக வாங்கிப் போடக் கூடாது. இன்சுலின் போடுபவர் என்றால் நடக்கும்போது சர்க்கரை திடீரென இறங்கலாம். சிறுநீரகம் பழுதானால் இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்த ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையில் பை மாட்ட வேண்டாம்.

இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் நடை மட்டும் போதாது. மனநல மருத்துவரிடம் டயாலிசிஸ் பற்றிச் சொல்லியே மருந்து வாங்குங்கள். சிலவற்றின் அளவைக் குறைக்க வேண்டும். "டயாலிசிஸே வேண்டாம்" என்று பேசினால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கும் எந்நேரமும் பேசலாம்.

கேள்வி: எனக்கு மூன்றாம் கட்ட சிறுநீரக நோய். நடந்தால் கிரியேட்டினின் ஏறுமா?
- வாசகர், மதுரை

பதில்: நடையால் ஏறாது. சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் தசையிலிருந்து வருவதால் கடும் பளுப் பயிற்சியும், முந்தைய இரவு ஆட்டுக்கறியும் அளவைச் சற்றே கூட்டிக் காட்டலாம். பரிசோதனைக்கு முதல்நாள் இரண்டையும் தவிருங்கள்.