அந்த லேபுக்குப் பையனை அனுப்பலாமா?

கேள்வி: என் கணவர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பல்கலைக்கழகத்தின் உடற்கூறு லேபில் டெக்னீஷியன். மாணவர்கள் அறுத்துப் படிக்கும் உடல்களை ஃபார்மலினில் பதப்படுத்தி வைப்பது அவர் வேலை. தீபாவளி சமயத்தில் தொடங்கிய வறட்டு இருமல் இன்னும் விடவில்லை. கண் எரிச்சல், ராத்திரியில் இளைப்பு. டிசம்பர் லீவில் மார்கேட் கடற்கரைக்குப் போயிருந்தபோது மட்டும் நன்றாகத் தூங்கினார். மேசையிலிருந்து காற்றை உறிஞ்சும் ஃபேன் பல மாதமாக ஓடவில்லையாம். புகார் கொடுங்கள் என்றால், "பழகிப்போச்சு, எனக்கு வாடையே தெரியல" என்கிறார். சீக்கிரம் ஓய்வு பெறப்போகிறார். அந்த இடத்துக்கு எங்கள் பையனை எடுப்பதாகச் சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். மிளகு ரசம் கொடுத்துப் பார்க்கிறேன். இருமலுக்கு வேறு என்ன கொடுக்கலாம்?
— ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: ரசம் கொடுங்கள், தொண்டைக்கு இதமாக இருக்கும். நுரையீரலுக்கு அது ஒன்றும் செய்யாது. வேறு கைவைத்தியம் நான் சொல்லப்போவதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது இருமல் இல்லை, பையனைப் பற்றிய வரி. நல்ல சேதி மாதிரி போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் வீட்டுக்காரர் வாய் திறக்காததற்குக் காரணமே அதுதானே? சூப்பர்வைசரைப் பகைத்துக்கொண்டால் பையனின் வேலை போய்விடும் என்று பயப்படுகிறார். சரி, இவ்வளவு இருமிப் பையனுக்கு அவர் எதை வாங்கிக் கொடுக்கிறார்? அதே மேசை, ஓடாத அதே ஃபேன். ஓய்வு பெறப்போகிறவர் இத்தோடு வெளியே வந்துவிடுவார். பையன் இன்னும் முப்பது, நாற்பது வருடம் அங்கே மூச்சு விட வேண்டும்.

துணி ஃபேக்டரி, பெயிண்ட் கம்பெனி, இப்போது பல்கலைக்கழகம். அப்பா பொறுத்துக்கொண்டார், பிள்ளைக்கு இடம் கிடைத்தது என்று எனக்கு எத்தனையோ கடிதம் வந்துவிட்டது. ஊரில் இதைத் தியாகம் என்பார்கள். நான் சொல்ல மாட்டேன். பிள்ளைக்கு வேலை தேடித் தருவது தகப்பனின் கடமை என்றால், அந்த வேலை அவனைச் சீக்காளி ஆக்காமல் பார்ப்பது அதற்கும் முந்தின கடமை. நீங்களும் இதில் சேர்த்திதான் அம்மா. தெரிந்தே பேசாமல் இருக்கிறீர்கள்.

"வாடையே தெரியல" என்பதைக் கேட்டு நிம்மதி அடையாதீர்கள். ஃபார்மலினிலிருந்து எழும் ஃபார்மால்டிஹைட் வாயுவுக்கு மூக்கு மரத்துப்போகும். காற்றில் இருக்கும் வாயு குறைந்திருக்காது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004லேயே இதை முதல் வகையில் சேர்த்துவிட்டது. அறுத்த உடலின் மேல் குனிந்து வேலை செய்கிறவரின் முகம் மேசைக்கு ஒரு முழ உயரத்தில்கூட இருக்காது. அதனால்தான் வாயுவை மேசையிலேயே உறிஞ்ச வேண்டும். கூரையில் மட்டும் எக்ஸாஸ்ட் வைத்தால், வாயு அவர் மூக்கைத் தாண்டித்தான் மேலே போகும். காதில் மாட்டும் நீல மாஸ்க் வாயுவைத் தடுக்காது. ஃபார்மால்டிஹைடுக்கென்றே உள்ள கார்ட்ரிட்ஜ் போட்ட, முகத்தோடு இறுக்கமாக உட்காரும் மாஸ்க் வேண்டும், கார்ட்ரிட்ஜைக் காலாகாலத்தில் மாற்றவும் வேண்டும். அதுவும் ஃபேனைச் சரிசெய்யும் வரைக்கும்தான்.

கரும்புத் தோட்டத்தில் சர்தார் என்ற மேஸ்திரிக்குப் பயந்து காய்ச்சலோடு வெட்டப் போன தலைமுறையின் பிள்ளைகள் நாம். அவர்களுக்குச் சட்டம் கைகொடுக்கவில்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு 1993ஆம் ஆண்டின் தொழில் சுகாதார, பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆபத்தான நிலைமையைக் கண்டால் முதலாளியிடமோ பாதுகாப்புப் பிரதிநிதியிடமோ சொல்லியே ஆக வேண்டும் என்று அதன் 14ஆம் பிரிவு தொழிலாளியின் மேலேயே பொறுப்பை வைக்கிறது. அப்படிச் சொன்னதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது என்கிறது 26ஆம் பிரிவு. இருபது பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பிரதிநிதி இருந்தாக வேண்டும். யார் என்று விசாரிக்கச் சொல்லுங்கள். புகார் எழுத்தில் போகட்டும், தேதி போட்டு ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். காற்றை எப்போது அளந்தார்கள், எவ்வளவு வந்தது என்றும் அதில் கேட்கட்டும்.

டாக்டரிடம் மார்கேட் கதையை மறக்காமல் சொல்லுங்கள். லீவில் குறைந்து வேலை நாளில் திரும்பும் இளைப்பு, வேலையால் வரும் ஆஸ்துமாவாக இருக்கலாம். இளைப்புக்குப் பம்ப் (இன்ஹேலர்) எழுதிக் கொடுத்து அனுப்பினால் வாங்கிக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். என்ன வேலை, என்ன மருந்தில் கை வைக்கிறார் என்று சொல்லி, வேலை நாளிலும் லீவு நாளிலும் ஊதிப் பார்த்து எழுதி வைக்கும் சோதனையைக் கேளுங்கள். வேலையால் வந்த நோய் என்று தெரிந்தால் பல்கலைக்கழகம் 14 நாளுக்குள் இழப்பீட்டு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்குக் காலக்கெடு உண்டு, அதற்குள் தெரிவிக்காமல் விட்டால் இழப்பீட்டு உரிமையே போய்விடும், தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் பையன். இன்று ராத்திரி அவனை உட்கார வைத்து, அப்பா ஏன் இருமுகிறார் என்று சொல்லுங்கள். இதுவரை அவனிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். ஃபேன் ஓடுகிறதா, காற்றை அளந்த தாள் எங்கே, வேலையில் சேரும்போது மூச்சுப் பரிசோதனை உண்டா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவன் கேட்கட்டும். பதில் வராவிட்டால் வேறு வேலை தேடட்டும். அது கிடைக்கும்வரை சோறு போட நீங்கள் இரண்டு பேர் இருக்கிறீர்கள்.