வேலூரில் யாருக்காவது உதவியாகவும் இருக்கும்படி தீபாவளி, கிறிஸ்துமஸ் பரிசு வாங்குவது எப்படி?

கேள்வி கேட்டவர் வேலூருக்குப் புதிதாகக் குடிவந்தவர். பண்டிகைக்கு உறவினர்களுக்கும் உடன் வேலை செய்பவர்களுக்கும் கொடுக்கும் பரிசு, இல்லாதவர் ஒருவருக்கும் உதவ வேண்டும் என்கிறார். நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். தீபாவளி வந்தால் அலுவலகப் பரிசுகளுக்கு அலைவது என் தலையில்தான் விழும். அந்த உரிமையில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. பரிசு பெறுபவர் பெயரில் ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் பணம் கட்டிவிட்டு, அந்த அட்டையைப் பரிசாக நீட்டுவது எல்லோரிடமும் செல்லாது. எங்கள் அத்தையிடம் ஒருமுறை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல காரியம்தான் கண்ணு, புடவை எங்கே?" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அட்டை, அதைக் கேட்டு மகிழக்கூடிய நண்பருக்கு. அத்தைக்குப் புடவைதான்; அதைக் கைத்தறியாக எடுத்தால் போதும், காசு தறிக்காரர் வீட்டுக்குப் போகிறது. 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் துணியை விற்பது. ஆரணிப் பட்டு பக்கத்து ஊர்ச் சரக்கு. மாமாக்களுக்குக் குடியாத்தம் லுங்கி. வெளிக்கடையில் எடுத்தால் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கைத்தறித் துணியில் பெரும்பாலும் இரு ஓரங்களிலும் ஊசி குத்தியது போலச் சிறு துளைகள் வரிசையாகத் தெரியும்.

கடைகளில் பரிசுப் பெட்டியின் மேல், 'விற்பனையில் ஒரு பகுதி ஆதரவற்ற குழந்தைகளுக்கு' என்று ஒட்டி வைத்திருப்பார்கள். எவ்வளவு, எந்த இல்லத்துக்கு என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட ஒரு கடையில் விற்பனையாளர் முதலாளியைப் பார்த்தார், முதலாளி மின்விசிறியைப் பார்த்தார். தொகையும் பெயரும் சொல்ல முடியாத பெட்டியை, அந்தச் சீட்டுக்காக மட்டும் வாங்க வேண்டாம். பலகாரம் ருசியாக இருந்தால் வாங்குங்கள், அது வேறு கணக்கு.

நம் ஊரில் இதற்கு நேர்வழிகள் உண்டு. தொரப்பாடியில் 1830இல் கட்டிய மத்தியச் சிறை இருக்கிறது. அங்கே கைதிகள் காவலர்களுக்கான ஷூ தைக்கிறார்கள். தமிழகச் சிறைகளில் கைதிகள் செய்யும் பொருள்கள் 'ஃப்ரீடம்' என்ற பெயரில் சிறை அங்காடிகளில் விற்கப்படுகின்றன. சிறைச் சரக்கைப் பண்டிகைக்குக் கொடுப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு வேறு ஏதாவது வாங்கிக் கொள்ளுங்கள். பலகாரம் என்றால் மகளிர் சுய உதவிக் குழுக்களின் அதிரசமும் முறுக்கும். சாமை, தேன், புளி வேண்டுமென்றால் ஜவ்வாது மலைச் சரக்கைக் கேட்டு வாங்குங்கள். மலையில் விளைவிப்பவர்களிடம் பேரம் பேசிக் குறைத்துவிட்டு, அதையே தொண்டு என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.

நாலைந்து பேர் சேர்ந்து பெரிதாகச் செய்ய நினைத்தால் என் விருப்பம் காட்பாடி வொர்த் டிரஸ்ட். தொழுநோயிலிருந்து குணமானவர்களின் மறுவாழ்வுக்காக 1963இல் தொடங்கி, பிறகு மற்ற மாற்றுத்திறனாளிகளுக்கும் வேலை கொடுக்கும் இடம். பார்வையற்றோருக்கான பிரெய்ல் எழுத்துப் பொறி அங்கே தயாராகிறது. பார்க்கப் பழைய தட்டச்சுப் பொறி மாதிரி கனமாக இருக்கும். ஆனால் எழுத்துக்கு ஒரு விசை கிடையாது. ஆறு புள்ளிகளுக்கு ஆறு விசைகள்தான். ஓர் எழுத்துக்கு வேண்டிய விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் கெட்டித்தாளில் புள்ளிகள் மேடாக எழும்பும். பார்வையற்ற மாணவர்கள் படிக்கும் பள்ளியில் முதலில் கேட்டுக்கொண்டு, நண்பர்கள் எல்லோர் பெயரிலும் ஒரு பொறி கொடுக்கலாம். செய்தவருக்கும் கூலி, எழுதுகிறவருக்கும் கருவி.

காட்பாடி பக்கம் இருக்கும் கரிகிரி மருத்துவமனையில் 1955 முதல் தொழுநோய் சிகிச்சை நடக்கிறது. கால் மரத்துப் போனவருக்கு, முள் குத்தினாலும் செருப்பு கடித்தாலும் தெரியாது. புண் பெரிதான பிறகுதான் தெரியும். அவர்களுக்கென்று மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் வைத்து, ஆணி அடிக்காமல் செருப்புச் செய்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு நன்கொடை அட்டை கொடுக்க விரும்புகிறவர்கள் அந்தச் செருப்புக்கான நன்கொடையைக் கேட்டுப் பார்க்கலாம்.

குழந்தைகள் இல்லங்களுக்குப் போவதென்றால் போனில் கேட்டுவிட்டுப் போங்கள். தீபாவளியன்று ஒரே மதியம் நாலு இடத்திலிருந்து பிரியாணி வந்து இறங்கும். ஜூன் மாதத்தில் நோட்டுப் புத்தகத்துக்கு ஆள் இருக்காது. சிறார் நீதிச் சட்டப்படி பதிவு பெற்ற இல்லமா என்றும் விசாரியுங்கள். குழந்தைகளை வரிசையில் நிறுத்திப் பாட வைத்து, முகம் தெரியப் படம் எடுத்துப் போடும் வழக்கம் எனக்கு அறவே பிடிக்காது. பாதுகாப்பில் இருக்கும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது அந்தச் சட்டப்படியும் தவறு.

கணக்குக்காரி என்பதால் கடைசியாக வரி. 80ஜி என்று சொல்லும், நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தத் தொகைக்குச் சலுகை இல்லை, வங்கி வழியாகக் கட்டுங்கள். டிரஸ்டில் பொருள் வாங்கினால் அது கொள்முதல், நன்கொடை ஆகாது. அத்தைக்காகக் கட்டினாலும் பணம் கட்டியவர் பெயரில்தான் ரசீது வாங்க வேண்டும். சுய உதவிக் குழுவிடம் அலுவலகத்துக்கு மொத்தமாகப் பலகாரம் வேண்டுமானால் புரட்டாசியிலேயே சொல்லி முன்பணமும் கொடுத்துவிடுங்கள்; ஐப்பசி பிறந்த பிறகு கேட்டால் மாவு இடிக்கவே அவர்களுக்கு நேரம் இருக்காது.